மண்ணுக்குள் வெந்த கோழி

கனடாவில் பாடசாலை பஸ் ஓட்டப் பழகிய வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் ஃபிஜித் தீவுக்காரி. என் வயதுதான். பார்த்தால் எங்கள் ஆள் மாதிரி இருந்தாள். "தமிழோ?" என்று கேட்டேன்.

"பூட்டன் தமிழர். எனக்குத் தெரிஞ்ச தமிழ் அம்மா, அப்பா, தண்ணி, ரசம்" என்று சிரித்தாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் கரும்பு வெட்ட மதராசிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் வழி வந்தவள். அவள் வீட்டுப் பேச்சு ஹிந்தி. நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

வேலை கிடைத்த பிறகு, காலை ஓட்டத்துக்கும் பின்னேர ஓட்டத்துக்கும் இடையில் ஸ்காபரோவில் ஒன்றாகக் கோப்பி குடிப்போம். அப்போதுதான் அவள் கதை வந்தது. அவர்களுடைய கரும்புத் தோட்டம் குத்தகைக் காணியில் இருந்தது. காணி அந்த ஊர்ப் பூர்வகுடிகளுடையது; அதை யாரும் விற்க முடியாது. தவணை முடிந்தபோது குத்தகையைப் புதுப்பிக்கவில்லை. தகப்பன் கடைசிக் கரும்பை ஆலைக்கு ஏற்றிவிட்டு, நகரத்துக்குப் போய்த் தையல் கடை வைத்தார். அவள் சுற்றுலாப் பயணிகளின் ஹோட்டலில் வேலை செய்து, பிறகு கனடா வந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எங்களைத் துரத்திவிட்டு எங்கள் காணியில் ஆமி முகாம் போட்டிருந்த காலம் நினைவுக்கு வந்தது.

"அப்ப உங்களைக் கலைச்சுப்போட்டாங்கள்!"

"உன்ர கதையை என்ர கதைக்கு மேல போடாதை" என்றாள். "காணி அவையின்ரை. அப்பா அழுதவர்தான். ஆனா அங்க ஆட்சியைக் கவிழ்த்துக் கலவரம் வந்த நேரம், இந்திய ஆக்களின்ர கடையளை உடைக்க வந்தவங்களிட்ட இருந்து எங்களைத் தங்கட வீட்டில வைச்சுக் காப்பாத்தினதும் அந்தக் காணிக்காரர்தான். சொன்னா ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லுவன்."

அந்தக் காணிக்காரர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்தது. லோவோ என்றாள்: குழி வெட்டி, விறகில் கல்லைச் சுடவைத்து, அதன் மேல் இறைச்சியையும் கிழங்கையும் வைத்து மண்ணால் மூடுவது.

அதை இங்கேயே செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தோம். அவள் இருந்தது அப்பார்ட்மெண்டில். குழி பிக்கரிங்கில் எங்கள் வீட்டு வளவில்தான் வெட்டப்பட்டது. ஒஷாவாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அவளுடைய ஃபிஜிப் பூர்வகுடித் தோழியும் வந்தாள். கல் பொறுக்கியது அந்தத் தோழிதான். ஈரக்கல் சூட்டில் வெடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எடுத்தாள். புகை அடுத்த தெரு வரைக்கும் போனது. குழியை மூடி முடித்தபோது வாசலில் தீயணைப்பு வண்டி வந்து நின்றது.

"நான் அப்பவே சொன்னனான், கேட்டனீயோ?" என்றார் என் கணவர்.

ஃபிஜிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனாள். "இப்ப நெருப்பில்லை சேர். விறகெல்லாம் வெளியில எடுத்துத் தண்ணி ஊத்தியாச்சு. உள்ளுக்குள்ள சுட்ட கல்லும் எங்கட சாப்பாடும்தான்."

தீயணைப்புக்காரர் குனிந்து மண்ணைப் பார்த்தார். நனைந்த விறகையும் பார்த்தார். "அனுமதி எடுக்காமல் இன்னொருக்கா மூட்டக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

பின்னேரம் மண்ணை விலக்கினோம். ஒஷாவாத் தோழி தன் மொழியில் செபம் சொன்னாள். கோழி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையை என் கணவர் திரும்பத் திரும்பப் போட்டுச் சாப்பிட்டார்.

இப்போது ஒவ்வொரு கோடையும் அனுமதி எடுத்துத்தான் மூட்டுகிறோம். விண்ணப்பிக்கப் போவது என் கணவர்.