ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே

மைசூரில் நான் கன்னடத்தில் டீ கேட்டால் கடைக்காரர் சிவண்ணா தமிழில்தான் பதில் சொல்வார். வருடக்கணக்காக இதே கதை. மரியாதைக்குத்தான் செய்கிறார், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். இத்தனைக்கும் நான் கன்னட டிவி ஒன்றின் கால்பந்து நிருபர். தொண்ணூறுகளின் கடைசியில், ஊரே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலி கேலரிக்கு முன்னால் மைக் பிடித்து நின்றவன்.

பிறந்தது திண்டுக்கல். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. தமிழ்நாட்டு டீம் ஆடினால் என் குரலே மாறிவிடுகிறது என்று பெங்களூரு ஆபீசில் எடிட்டர் இரண்டு முறை சொல்லிவிட்டார். அந்த வருடம் மைசூரில் நடந்த கோப்பைப் போட்டியின் பைனலில் மைசூரோடு மோத வந்தது யார் தெரியுமா? திண்டுக்கல். இதில் சொதப்பினால் வேலை போச்சு.

கேசட்டை நாலரை மணி பெங்களூரு பஸ் டிரைவரிடம் கொடுத்தால்தான் ஒன்பது மணிச் செய்திக்குப் போய்ச் சேரும். ஆட்டமோ அதற்குப் பிறகும் நடக்கும். அதனால் இடைவேளையிலேயே முடிவுரையை இரண்டு விதமாகப் பேசி அனுப்புவேன்: மைசூரு ஜெயித்தால் ஒன்று, வந்தவர்கள் ஜெயித்தால் ஒன்று. எதைப் போடுவது என்று பிறகு போனில் சொல்லிவிடலாம். அன்று இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. பேசி முடித்தேன். கேமராமேன் மகாதேவா கேசட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். பஸ் கிளம்பிய பிறகுதான் அவருக்கு உறைத்ததாம்.

"எரடு சலனூ 'நம்ம ஹுடுகரு கெத்ரு' அந்த்ரல்லா சார்."

இரண்டு தடவையும் நம்ம பசங்க ஜெயிச்சாங்க என்று சொல்லியிருக்கிறேன். திண்டுக்கல் ஜெயித்தால் அவர்களையும் 'நம்ம பசங்க' என்றுதான் செய்தியில் போகும். திண்டுக்கல்லில் இருந்து இதைப் படிப்பவர்கள் கோபப்படக் கூடாது. வாழ்க்கையில் முதல் தடவையாக நம்ம டீம் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். திண்டுக்கல் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது எனக்கு மூச்சு வந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் பிடித்தது மழை. மைதானம் குளமாகி, இரண்டு டீமும் கூட்டு வெற்றி என்று அறிவித்தார்கள். கோப்பை ஆளுக்கு ஆறு மாதம். காசு சுண்டியதில் முதலில் திண்டுக்கல்லுக்கு. அதைத் துண்டில் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டிருந்த கேப்டனிடம் போய், நானும் திண்டுக்கல்தான் என்றேன். கை குலுக்கிவிட்டு, "உங்க மைசூருல இப்படியா சார் மழை பெய்யும்?" என்று கேட்டார்.

போனில் சேதி சொன்னேன். எடிட்டர் இரண்டு முடிவுரையையும் ஒட்டிப் போட்டுவிட்டார். ரொம்பப் பொருத்தம் என்று பாராட்டு வேறு. சிவண்ணா கடை டிவியில் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ஒரே முகம், ஒரே சட்டை, இரண்டு தடவை 'நம்ம ஹுடுகரு'. சிவண்ணா டீயை வைத்துவிட்டுத் தமிழில் சொன்னார்:

"உங்க ஊரும் கெலிச்சிடுச்சே சார்."

வேலை நிரந்தரமானது. ஆறு மாதம் கழித்துக் கோப்பை மைசூருக்கு வந்தபோது நான்தான் செய்தி சொன்னேன். கோப்பைக்காவது இரண்டு ஊரிலும் அலமாரியில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.