கராம்பு வாசம்

சொல்ல வெட்கம்தான். மண்விளக்கில் பூ கீறுவதற்காக, பல் டாக்டர் பாவித்த பழைய கொக்கி ஒன்றைப் பசறை சந்தையில் வாங்கினேன். இரண்டு கையிலும் களிமண். அதனால் காலையெல்லாம் அதை வாயில்தான் கவ்விக்கொண்டிருந்தேன்.

நாக்கில் பல்வலிக்குப் பூசும் கராம்புத் தைலம் உறைத்தது.

பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பக்கத்து லயத்து வீட்டுச் செல்வி பார்த்துவிட்டாள்.

"ஐயோ மாமா, எத்தனை பேரு வாய்க்குள்ள போனதோ! சீக்கு ஒட்டிக்கும். பாதிப் பேரு இப்ப உயிரோடயே இருக்க மாட்டாங்க."

"அப்ப யாரும் திருப்பிக் கேட்டு வர மாட்டாங்க" என்று சிரித்தேன். ஈறு குறுகுறுத்தது.

"மொதல்ல கொதிக்க வைங்க!"

கொக்கியைக் கேத்தலில் போட்டு அடுப்பில் வைத்தேன். கை கழுவி வருவதற்குள், விஷயம் தெரியாத என் மனைவி அந்தத் தண்ணீரிலேயே செல்விக்குத் தேத்தண்ணி ஊற்றியிருந்தாள்.

செல்வி குடித்து முடித்தாள். "கராம்பு போட்டீங்களா அத்தை? நல்லா இருக்கு."

எங்கள் வீட்டில் கராம்பு வாங்குவதே இல்லை.