தேசிகன் சாரின் நனைந்த பிளக்

துவாக்குடியில் மலர்க்கொடியிடம் எஞ்சினைக் கொடுத்துத் திட்டு வாங்காமல் திரும்பியவர் ஒருவரும் கிடையாது. ஸ்பிரேயர் தூக்கி வரும் விவசாயி, மரம் அறுக்கும் மெஷின்காரர், கொசுப்புகை அடிக்கும் ஆள், எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. வெச்சிருக்கிற ஆளுக்குத்தான் ரிப்பேர்" என்பாள். சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்தால் பத்து நிமிஷத்தில் ஓடவிட்டுத் தந்துவிடுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போனார்கள்.

தொட்டியத்துக்காரி. அப்பாவுக்கு வாழைத் தோட்டம். மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர் ஒருநாள் பாதியில் நின்றுபோனபோது, மெக்கானிக் வரும்வரை பொறுக்காமல் பதினாலு வயதில் அவளே கழற்றிப் போட்டாள். அப்புறம் ஐ.டி.ஐ., அப்புறம் கல்யாணம், அப்புறம் இந்தத் தகரக் கொட்டகை. கணவர் ஜெயக்குமார் பஸ் கண்டக்டர். வீட்டில் அவரும் நிறைய வாங்கிக்கொள்கிறவர்தான், பாவம்.

மூன்று வருஷமாக இஞ்சினியரிங் காலேஜ் பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள். ரிமோட்டில் பறக்கவிடும் குட்டி விமானங்களுக்கு உள்ளங்கையில் அடங்குகிற எஞ்சின். அதன் பிளக் பொறி தட்டாது. பேட்டரி கொடுத்தால் சிவக்கச் சூடாகும் ஒரு சின்னக் கம்பிச்சுருள், அவ்வளவுதான். உள்ளே எண்ணெய் அளவு மீறிப் புகுந்தால் சுருள் நனைந்து அணைந்துவிடும். பிள்ளைகள் மூன்று மணி நேரம் லேப்டாப்பில் தேடிவிட்டு அவளிடம் வருவார்கள்.

"இஞ்சினியராம்! பிளக்கக் கழட்டிக் கவுத்தா எண்ணெ வடிஞ்சிட்டுப் போவுது. இதுக்கு நாலு வருஷம் படிக்கிறீங்களா?"

வெளியே சொல்லமாட்டாளே தவிர, அந்தக் குட்டி எஞ்சின்கள்மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை. உலகத்தில் அவள் மதித்த சொற்ப விஷயங்களில் அவையும் சேர்த்தி.

இந்த வருஷம் விமானப் போட்டிக்கு முன்னால் ஒன்பது எஞ்சின்களையும் மொத்தமாக மலர்க்கொடியிடம் கொடுத்துச் சரிபார்ப்பது என்று காலேஜ் விமான கிளப்பின் செயலாளர் ஸ்ம்ருதி முடிவு செய்திருந்தாள். குறுக்கே வந்தவர் தேசிகன்.

தேசிகன் ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர். கிளப்புக்கு ஆலோசகர். ஞாயிறு தோறும் கொள்ளிட மணலில் விமானம் விடப் போவார். எஞ்சின் எண்ணெயில் முங்கிக் கிளம்ப மறுக்க, விமானம் விடாமலே திரும்புவார். மூன்று தடவை மலர்க்கொடியிடம் வந்தார். முதல் தடவை பிளக்கை மாற்றினாள். அடுத்த தடவை எண்ணெய் வரத்தைக் குறைக்க ஊசித் திருகை அரைச் சுற்று இறுக்கினாள். அதற்கடுத்த தடவை டேங்க்கையே கீழே இறக்கி, கார்புரேட்டர் மட்டத்துக்குக் கொண்டுவந்து வைத்தாள். கடை மேஜையில் மூன்று தடவையும் ஒரே தட்டில் கிளம்பியது. மணலுக்குப் போனால் பழைய குருடி கதைதான்.

வரும்போதெல்லாம் அவர் ஏதோ சொல்ல ஆரம்பிப்பார். "ஏம்மா, நான் என்ன பண்றேன்னா, காத்தால எழுந்து..."

"எஞ்சினை வெச்சிட்டுப் போங்க சார். கதை வேணாம்."

மனிதர் போய்ப் பிள்ளைகளிடம் ஊதிவிட்டார். "மருந்தடிக்கிற மெஷின் பாக்கறவகிட்ட விமானத்தைக் குடுத்தா இப்படித்தான் ஆகும். எல்லாத்தையும் பெங்களூருக்கு அனுப்பிடுங்கோ."

ஸ்ம்ருதி தயங்கித் தயங்கிக் கடைக்கு வந்தாள். "அக்கா, இந்த ஞாயித்துக்கிழமை அவர் எஞ்சின் மணல்ல ஸ்டார்ட் ஆகலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஒன்பதும் பெங்களூர் போயிடும்."

மலர்க்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷத் தொழில், இந்த ஆள் ஒரு வார்த்தையில் ஊதித் தள்ளுவதா? "நானே வரேன். என் கண்ணு முன்னாடி ஸ்டார்ட் பண்ணட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மணலில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். தேசிகன் நெற்றியில் திருமண், வேட்டிக்கு மேல் விமானப் படம் போட்ட பனியன். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் மலர்க்கொடிக்குச் சிரிப்பு வந்தது. தேசிகன் டேங்க் ததும்ப எண்ணெய் நிரப்பினார். பிறகு தூரத்தில் தெரிந்த ஸ்ரீரங்கம் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பி, மணலில் ஒரு துண்டை விரித்து, விமானத்தின் வாலைத் தூக்கி, மூக்கைத் துண்டில் ஊன்றினார்.

"ரங்கனைச் சேவிக்காம என் விமானம் கிளம்பாது" என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். வாய் முணுமுணுத்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். விமானம் தலைகுப்புற நின்றது. டேங்க் மேலே, எஞ்சின் கீழே. துண்டில் எண்ணெய் வட்டமாகப் பரவியது.

'அட கிரகசாரமே!' மலர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவர் கண் திறந்து, விமானத்தைக் கிடத்தி, ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்து மூக்கில் வைக்கப் போனார்.

"கையை எடுங்க சார்! உள்ள பூரா எண்ணெ. அழுத்தினீங்கன்னா ராடு வளைஞ்சிடும்!"

தள்ளாத குறையாக அவரை விலக்கினாள். பிளக்கைக் கழற்றி, விமானத்தைக் கவிழ்த்து, விசிறியைக் கையால் நாலு சுற்றுச் சுற்றினாள். எண்ணெய் மணலில் பீய்ச்சியது.

"எண்ணெ ஊத்திட்டுத் தலைகீழா நிறுத்தினா அது எங்க போவும், ஆகாசத்துக்கா? பெரிய உத்தியோகமாம்! மொதல்ல சேவிங்க, அப்புறமா எண்ணெ ஊத்துங்க. பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். தேசிகனின் முகம் சுண்டிப்போனது. மலர்க்கொடி பிளக்கை ஊதித் துடைத்து மாட்டி, பேட்டரி கொடுத்து, விசிறியை ஒரு தட்டுத் தட்டினாள். எஞ்சின் அலறிக்கொண்டு கிளம்பியது. அவர் ரிமோட்டை எடுத்தார். விமானம் மணலை விட்டு எழும்பி ஆற்றுக்கு மேலே வட்டமடித்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"ஒன்பதும் உங்களுக்குத்தான் அக்கா. நாளைக்கே கொண்டு வரேன்" என்றாள் ஸ்ம்ருதி. பிறகு யோசித்துவிட்டுக் கேட்டாள். "ஆனா அக்கா, மூணு தடவை வந்தாரே. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன பண்றார்னு நீங்க கேக்கவே இல்லையா?"

ஸ்பிரேயரோடு எந்த விவசாயி வந்தாலும் மலர்க்கொடி திட்டிக்கொண்டே கேட்கும் முதல் கேள்வி அதுதான். எப்படி வெச்சே, எந்தப் பக்கம் சாய்ச்சே? இந்த மனிதரிடம் மட்டும் கேட்கவில்லை. இவர் வாயைத் திறப்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை.

தேசிகன் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "சொல்லத்தான் வந்தேன். மூணு தடவையும் வந்தேன். கதை வேணாம்னுட்டே."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

மறுநாள் ஒன்பது எஞ்சின்களும் வந்தன. மலர்க்கொடி முதல் எஞ்சினைக் கையில் வாங்கிக்கொண்டு, ஸ்ம்ருதியின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க? மொதல்லேருந்து சொல்லு."