பாதியில் வந்த கைதட்டல்

மேடையில் உட்கார்ந்து, அடுத்து எந்தக் கட்டையில் விரல் வைப்பது என்பது அடியோடு மறந்துபோன மனிதனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை. முதல் முறை முருகனைக் கேட்காமல் போனேன். இரண்டாம் முறை கேட்டுவிட்டுப் போனேன்.

இதை எழுதச் சொன்னவர் நம் சந்தவாசல் கிருத்திகை வழிபாட்டு மன்றத்தின் செயலாளர். எனக்கு விருப்பமில்லை. நம் மாத இதழில் வரும் அனுபவங்களை நானும் படிக்கிறேன். ஒருவர், தொலைந்துபோன வண்டிச் சாவி தன் சட்டைப் பையிலேயே இருந்ததற்கு இரண்டு பக்கம் கண்ணீர் விட்டிருந்தார். பையில் கைவிட்டுப் பார்ப்பதற்குக்கூட ஆறுமுகனைக் கூப்பிடும் கூட்டத்தில் நானும் சேர வேண்டுமா என்று ஒதுங்கியே இருந்தேன். ஆனால் வாங்கியதற்கு நன்றி சொல்லாமல் இருப்பது அதைவிடக் கேவலம். அதனால் எழுதுகிறேன்.

ஜவ்வாது மலைமேல் ஒரு விடுதிப் பள்ளியில் நான் பியானோ கற்றுக்கொடுக்கிறேன். மலைமேல் பியானோவா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சென்னையில் யாரோ வீட்டைக் காலி செய்யும்போது, இடத்தை அடைக்கிறது என்று பள்ளிக்குத் தானமாகத் தள்ளிவிட்டது அது. நம்மவர்கள் செய்யும் தானம் பெரும்பாலும் அந்த ரகம்தான். ஆனால் சாமை விதைக்கிற வீட்டுப் பிள்ளைகளும் புளி உலுக்குகிற வீட்டுப் பிள்ளைகளும் இன்று அதில் அழகாக வாசிக்கிறார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்தப் பியானோ போனால் நானும் மூட்டை கட்டவேண்டியதுதான்.

சில வருடங்களுக்கு முன் வேலூரில் ஒரு நிகழ்ச்சியில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். நானும் என் திறமையைக் காட்டலாம் என்று மிகக் கடினமான ஒரு பீஸை, அதாவது பியானோவுக்கென்றே எழுதிய ஒரு உருப்படியை, எடுத்துக்கொண்டு போனேன். அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் நாலு பேர் அதை வாசிக்கக் கிளம்பிவிடுவார்கள். ஐரோப்பாவில் யாரோ ஒருவர், தன் விரல் எவ்வளவு வேகமாக ஓடும் என்று ஊருக்குக் காட்ட எழுதியது. இடது கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தாவிக்கொண்டே இருக்கும். வலது கை சோளம் பொரிவதுபோல் படபடக்கும். காதுக்கு அதில் ஒன்றுமில்லை. கஷ்டமாக இருப்பது ஒன்றுதான் அதற்குப் பெருமை.

பாதியில் மறந்துபோயிற்று. கைகள் நின்றுவிட்டன. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் விஷயம் தெரிந்தவர்கள். விஷயம் தெரிந்தவர்களுக்கு இரக்கம் கிடையாது. ஒருவர் செருமினார். ஒருவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் எழுந்து, தலையைக் குனிந்தபடி பின்வாசல் வழியாக வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் முன்னால் தவிர வேறெங்கும் வாசிக்கவில்லை.

போன வருடம் பொங்கல் முடிந்ததும் எங்கள் பள்ளித் தாளாளர் கூப்பிட்டனுப்பினார். கையில் மொபைல். இணையத்தில் யாரோ ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள், மேடையில் வாசிக்க மிகக் கடினமான பியானோ பீஸ்கள் என்று. இசையைக் கஷ்டத்தை வைத்துத் தரம் பிரிப்பதும், சாம்பாரைக் காரத்தை வைத்துத் தரம் பிரிப்பதும் ஒன்றுதான். ஆனால் தாளாளருக்கு அந்தப் பட்டியல் ரொம்பப் பிடித்துவிட்டது.

“இன்னா சார், பசங்களுக்கு டிங் டிங்னு கத்துக்குடுக்கறதுக்கா அவ்ளோ பெரிய பொட்டி? ஆண்டு விழாவுல இதுல எது பெருசோ அத்த வாசிங்க. இல்லன்னா அந்த ரூம்ல ஸ்மார்ட் கிளாஸ் போட்டுர்லாம்” என்றார்.

பட்டியலின் உச்சியில் இருப்பதை நான் கனவில்கூட வாசிக்க முடியாது. செங்கம் சந்தையில் மாட்டுக்குப் பேரம் பேசுவதுபோல் பேசிப் பேசிக் கீழே இறங்கி வந்தோம். கடைசியில் வேலூரில் என்னைக் கவிழ்த்த அதே பீஸில் வந்து நின்றது. இசைக்குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கட்டுமா என்று கெஞ்சினேன்.

“பாத்து வாசிச்சா எல்லாருந்தான் வாசிப்பாங்க” என்றார்.

எல்லாரும் வாசிப்பார்களாம். அவருக்குப் பியானோவில் எந்தப் பக்கம் உட்காருவது என்றுகூடத் தெரியாது.

அன்பர்களே, அந்த வாரங்கள் என் எதிரிக்கும் வரக் கூடாது. சோறு இறங்கவில்லை. வீட்டில் இருக்கும் சின்னக் கீபோர்டில் சரியாக வரும். பள்ளி மண்டபத்தை நினைத்தாலே விரல்கள் சில்லிட்டுவிடும். வேலூரில் நின்ற அதே இடத்தில், அதே இரண்டு கைகளும், பாதை தெரியாமல் நின்றன. வேலையை விட்டுவிடலாமா என்று என் மனைவி செல்வியிடம் கேட்டேன். அவள் அழுதாள். பிறகு நானும் அழுதேன்.

பள்ளிக்குப் பின்னால் பாறைமேல் வேல் நட்டிருக்கும் சின்ன முருகன் கோயில் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே போனேன். காவடி எடுக்கிறேன், மொட்டை போடுகிறேன் என்று பேரம் பேசவில்லை. பேரம் பேசிய அலுப்பு எனக்கு அப்போது தீரவில்லை. வேலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். முருகா, மறக்காமல் பார்த்துக்கொள். அப்படியே மறந்துவிட்டாலும், யாருக்கும் தெரியாமலாவது பார்த்துக்கொள். அவ்வளவுதான் கேட்டேன். இரண்டாவதை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. வாயில் அப்படி வந்தது.

மாசி மாதம் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் செங்கத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருப்பவர். மலை ஏறி வந்த களைப்போ, மதியம் சாப்பிட்ட பிரியாணியோ, வரவேற்புரை முடியும் முன்பே கண்ணை மூடிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இந்த ஆளுக்காகவா நான் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடு வாசிக்க ஆரம்பித்தேன்.

நன்றாகவே போயிற்று. இடது கை தாவியது, வலது கை பொரிந்தது. பிறகு அந்த இடம் வந்தது. உரக்க ஒரு அடி, அடுத்த அடிக்குக் கையைத் தூக்கினேன். ஒன்றும் இல்லை. தலைக்குள் வெள்ளைத் தாள்போல் இருந்தது. சத்தத்தை நீட்டிப் பிடிக்கும் பெடலிலிருந்து காலை எடுக்கப் பயந்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. மண்டபத்தில் ஒரு ஈ பறந்தால் கேட்டிருக்கும். முருகா என்றேன், உதடு அசையாமல்.

அந்த அமைதியில் மண்டிக்காரர் திடுக்கிட்டு விழித்தார். விழாவில் தூங்கிவிட்டு விழிக்கும் பெரிய மனிதர்கள் முதலில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். தூங்கவில்லை என்று காட்டுவதற்காகப் பலமாகக் கை தட்டினார். அவர் தட்டியதும் தாளாளர் தட்டினார். தாளாளர் தட்டியதும் மண்டபமே எழுந்து தட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் மேடை ஏறி எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.

பிறகு மண்டிக்காரர் மைக்கைப் பிடித்தார். “எத்தினியோ பங்ஷன் பாத்துருக்கேன். இந்த மாதிரி மனசு நெறஞ்சி கேட்டது கெடயாது. இந்தப் பொட்டிய மட்டும் எங்கியும் எடுத்துறாதீங்க” என்றார். தாளாளர் தலையை ஆட்டினார். ஸ்மார்ட் கிளாஸ் பேச்சு அன்றோடு போயிற்று.

பியானோவின் மூடியை மூடினேன். கேட்டது இரண்டு. இரண்டில் ஒன்றை அவன் சொல் பிசகாமல் கொடுத்துவிட்டான்.

வண்டியில் வீடு திரும்பும்போது, வாரக்கணக்கில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அந்தப் பீஸைக் கேட்டுச் சகித்த செல்வி சொன்னாள்.

“பாதியில முட்ச்சிட்டீங்க.”

“ஆமா.”

“நல்லதாப் போச்சி. மீதி பாதி எனக்குப் புடிக்கவே புடிக்காது.”

முருகனுக்கும் பிடிக்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து. அந்தப் பீஸை அதற்குப் பிறகு நான் தொடவில்லை. இப்போது எங்கே வாசித்தாலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். பார்த்து வாசிப்பது கேவலம் என்று நினைப்பவர்கள் வந்து பார்க்காமல் வாசித்துக் காட்டட்டும். செவ்வாய்க்கிழமைகளில் அந்தப் பாறைக்குப் போகத் தவறுவதில்லை.

இந்த வருட விழாவுக்கும் அதே மண்டிக்காரரைத்தான் அழைத்தார்கள். எதை வாசிப்பது என்று நானே முடிவு செய்தேன். தாளாளர் தகராறு செய்யவில்லை. பிள்ளைகள் இரண்டாம் வருடத்தில் படிக்கும், மெதுவான, சின்ன பீஸ். ஆரம்பிக்கும்போதே மண்டிக்காரர் தூங்கிவிட்டார். சத்தத்தைக் குறைத்தே வாசித்தேன். முழுவதும் வாசித்து முடித்தேன். அவர் விழிக்கவில்லை. அவர் தட்டாததால் யாரும் தட்டவில்லை. வேலூரில் என்னைக் கொன்ற அதே அமைதி. நான் அதில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

அந்த ஆளை நான் இன்றைக்கும் மதிக்கவில்லை. ஆனாலும் வாய் திறந்து தூங்கும் அந்த முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கைகள் தானாகக் குவிந்தன. அவர் விழிக்கும் முன் இறக்கிக்கொண்டேன்.

நம்பிக் கேளுங்கள், அன்பர்களே. உதவி வரும், ஆனால் யார் கையில் கொடுத்து அனுப்புவான் என்று சொல்ல முடியாது. வந்த ஆளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். சுளித்துவிட்டாலும் பயப்பட வேண்டாம். நான் நன்றாகவே சுளித்தேன். அதற்காக அவன் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.