ஒரு சொம்புத் தண்ணீர்

அறுபதுகளில் நான் செஞ்சியில் பொதுப்பணித்துறை ஓவர்சியராக இருந்தபோது, ஏரிப் பாதுகாப்புச் சங்கத் தலைவர் ஒருவர் பழக்கமானார். ஒட்டிய கன்னம். சைக்கிள் கேரியரில் எப்போதும் ஒரு மண்வெட்டி.

மலையடிவாரத்திலிருந்து ஏரிக்கு வரும் கால்வாய் தூர்ந்து கிடந்தது. மழைக்கு முன் அதை வெட்ட, ஏரிப் பாசனத்து மூன்று ஊர்களில் இரண்டு ஒத்துக்கொண்டன. கால்வாய்க்குள்ளேயே நெல் நட்டிருந்த மூன்றாவது ஊர் மட்டும் ஆறு முறை அவரைத் தெருவிலேயே நிற்கவைத்துத் திருப்பி அனுப்பியது.

"நோட்டீஸ் அனுப்பட்டுமா?" என்றேன்.

"நோட்டீஸ் போனா கால்வா கிடைக்கும் சார், ஆளு கிடைக்காது. வருஷா வருஷம் வெட்டணுமே."

ஏழாவது முறை போனவர் மூச்சிரைக்க என்னிடம் ஓடிவந்தார். "சார், உள்ள கூப்ட்டு சொம்புல தண்ணி குடுத்தாங்க."

"வெட்ட ஒத்துக்கிட்டாங்களா?"

"இல்ல சார். தண்ணி குடுத்துட்டாங்கல்ல, வந்துடுவாங்க."

வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மண்வெட்டி. கால்வாயில் நின்ற பச்சை நெல்லை அவர்களே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

முதல் மழையில் நுரைத்து வந்த தண்ணீரோடு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் ஏரிக்கரைவரை ஓடினேன். அங்கே அவர் கேரியரில் மண்வெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்குமா? எங்க?"

"அடுத்த ஏரிக்கு சார். அங்க இன்னும் தெருவுலதான் நிக்க வைக்கிறாங்க."

கல்யாண வீட்டுக்குப் புறப்படுகிறவர் முகத்தோடு அதைச் சொன்னார்.