அமாவாசை பார்த்து இறங்கிய பில்லர்

1. மூன்றாவது தடவையும் கீழே

2007 பங்குனியில், கடலூர் கடலோரம் நாங்கள் கட்டிய கான்கிரீட் பில்லர் மூன்றாவது தடவையாகக் கீழே இறங்கியது. மஞ்சக்குப்பம் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த உயரத்தைப் பார்த்ததும் பழைய அளவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். மார்கழியில் எடுத்த முதல் அளவை விடத் தையில் எட்டு மில்லிமீட்டர் குறைவு, மாசியில் பத்து, இப்போது பன்னிரண்டு.

மில்லிமீட்டர்தானே என்று சிரிக்காதீர்கள். பில்லர் நின்ற இடம் உப்பங்கழி ஓரத்துப் பள்ளம். லாரி லாரியாக மண் கொட்டி நிரப்பி, சுனாமியில் வீடு போன நாற்பத்தெட்டு குடும்பங்களுக்கு ஒரு தொண்டு நிறுவனம் வீடு கட்டிக்கொண்டிருந்தது. கொட்டிய மண் மாதாமாதம் இறங்கினால் அஸ்திவாரம் இறங்கும், சுவர் விரியும். இறங்குகிறதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் வேலை எங்கள் சர்வே கம்பெனிக்கு வந்தது. நாங்கள் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் சாவி.

லெவல் மெஷின் வைத்து உயரம் கொண்டு வரலாமே என்று கேட்பீர்கள். பக்கத்தில் நம்பி ஆரம்பிக்கும்படி, உயரம் குறித்து வைத்த பழைய பெஞ்ச் மார்க் கல் ஒன்றும் மிஞ்சவில்லை. எங்கள் முதலாளி, நாங்கள் சார் என்றே கூப்பிடுவோம், அப்போதுதான் பெரிய ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று வாங்கியிருந்தார். பில்லர் மேல் ஆன்டெனாவை வைத்து நாலு மணி நேரம் சாட்டிலைட் டேட்டா எடுப்போம். பல நூறு கிலோமீட்டர் தள்ளி உள்நாட்டில் இருக்கும் நிரந்தர ஸ்டேஷனோடு ஒப்பிட்டு உயரத்தைக் கணக்குப் போடுவோம். கணக்கு என் பொறுப்பு. சிதம்பரத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாத சாஃப்ட்வேர் இல்லை என்று ஒரு திமிரும் இருந்தது.

நாலு மணி நேர டேட்டாவில் உயரம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆனால் ஆட்டம் என்றால் மேலேயும் போக வேண்டும், கீழேயும் போக வேண்டும். எங்கள் பில்லருக்குக் கீழே போக மட்டும்தான் வழி தெரிந்தது.

சார் பிரிண்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"எறங்குதுன்னு எழுதிடலாம் ஜெயா. எறங்கலன்னு நாம எழுதி, நாளைக்கு செவுரு விரிஞ்சி ஒரு புள்ள மேல வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது. சித்திரைக் கடைசியில் இன்ஜினியர்கள் கூட்டம் இருந்தது. அதற்குள் கடிதம் போக வேண்டும்.

2. மீன் இல்லாத நாள்

அந்த நாற்பத்தெட்டு குடும்பங்களில் எனக்கு நன்றாகத் தெரிந்தது அஞ்சலையக்காவை. மீன் விற்கிறவர். பில்லருக்கு எதிரே இருந்த தகரக் கொட்டகை வரிசையில் முதல் கொட்டகை அவருடையது. நாங்கள் போகும்போதெல்லாம் எனக்கும் பக்கிரி அண்ணனுக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். பக்கிரி அண்ணன் திட்டக்குடிப் பக்கம், எங்கள் இன்ஸ்ட்ரூமென்ட் ஆள். ஆன்டெனா உயரத்தை டேப்பில் மூன்று பக்கமும் அளந்து, மூன்றையும் ஃபீல்ட் புக்கில் எழுதாமல் ரிசீவரை ஆன் பண்ண விடமாட்டார்.

அஞ்சலையக்காவின் மகளுக்குத் தலைப்பிரசவம் வைகாசியில். தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் தகரத்துக்கு அடியில் பிள்ளை பெற்றவளை எப்படிப் படுக்க வைப்பது என்பதுதான் அவருடைய ஒரே பேச்சு. பங்குனியில் நாங்கள் போன அன்றும் அதையே கேட்டார். நான் சீக்கிரம் கிடைத்துவிடும் என்று மழுப்பினேன். கிளம்பும்போது அவர் என்னைச் சீண்டினார்:

"நீயும் நாலு மாசமா வர்ற. ஒரு வாட்டி ஒனக்கு மீன்கொழம்பு ஊத்த முடியல. எப்பப் பாரு அமாசையாப் பாத்து வந்து நிக்கிற."

சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மூன்றாம் நாள்தான் அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வந்தது. சார் முதலில் பக்கிரி அண்ணனைத்தான் சந்தேகப்பட்டார். ஆன்டெனா உயரத்தைத் தப்பாக அளந்தால் இப்படி வரும். அண்ணன் ஃபீல்ட் புக்கைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். பதினெட்டு வருஷ சர்வீஸில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

3. காலண்டரில் கறுப்பு வட்டம்

ஃபீல்ட் புக்கை நான் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். அளவுகள் மயிரிழை பிசகாமல் இருந்தன. வேறு என்ன தப்பு இருக்கும் என்று தேதிகளைப் பார்த்தேன். நேரத்தைப் பார்த்தேன். தையில் காலை ஏழு முதல் பதினொன்று. மாசியிலும் அதே. பங்குனியிலும் அதே. அப்போதுதான் அஞ்சலையக்கா சொன்னது திரும்பக் கேட்டது. எழுந்து போய்ச் சுவரில் மாதக் காலண்டரைப் புரட்டினேன். மூன்று தேதியிலும் கறுப்பு வட்டம்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் அமாவாசைக் கணக்குக் கிடையாது. எந்தத் தேதிக்குப் போக வேண்டும் என்று பக்கிரி அண்ணன் சொல்வார், நான் ஜீப்பில் ஏறுவேன். அவ்வளவுதான். அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன், ஏன் எப்போதும் அமாவாசை என்று. இது என்ன கேள்வி என்பது போல அவர் பார்த்தார். தை பிறந்ததும் கலவை மிஷினும் இரும்புச் சாரமும் பில்லருக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. மிஷின் அதிர்ச்சியில் ஆன்டெனா நடுங்கும், சாரம் வானத்தை மறைக்கும். அமாவாசை அன்று கொத்தனார்களுக்கு வேலை இல்லை. அன்றைக்கு வாங்க, சாரத்தைத் தள்ளி வைக்கிறேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். சரி, ஏன் காலை ஏழு மணி? அண்ணனின் அப்பா தவறிவிட்டவர். அமாவாசை மதியம் வீட்டில் படையல் போட வேண்டும். பதினொரு மணிக்குக் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும்.

மார்கழியில் எடுத்த முதல் அளவு மட்டும் வேறு. அப்போது மிஷின் வரவில்லை. ஒரு சாதாரண நாள், மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை எடுத்திருந்தோம்.

சாஃப்ட்வேரில் கணக்கை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு கட்டம் வரும். ஓஷன் லோடிங் ஃபைல் எங்கே என்று கேட்கும். என்னிடம் அப்படி ஒரு ஃபைல் இல்லை. ஒவ்வொரு தடவையும் அதைக் காலியாக விட்டு ஓகே அழுத்தியவள் நான்தான். அன்றைக்குத்தான் மேனுவலைத் திறந்து அந்தப் பக்கத்தைப் படித்தேன். ஐந்து வருஷத் திமிர் அரை மணி நேரத்தில் இறங்கியது.

விஷயம் இவ்வளவுதான். கடல் ஏறும்போது கணக்கில்லாத டன் தண்ணீர் கூடுதலாகக் கடலடியை அழுத்துகிறது. அதோடு சேர்ந்து கரை நிலமும் கொஞ்சம் அமுங்குகிறது. தண்ணீர் வற்றியதும் நிமிர்ந்துகொள்கிறது. கயிற்றுக் கட்டிலின் நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் ஓரத்தில் இருப்பவரும் தாழ்வது மாதிரி. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். துறைமுகத்து ஏற்ற வற்ற அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். எங்கள் மூன்று அமாவாசைகளிலும் காலை ஒன்பதை ஒட்டிக் கடல் உச்சத்தில் இருந்தது. மார்கழி அளவு பௌர்ணமியை ஒட்டிய நாள், மதியம் மூன்றுக்குக் கடல் அடியில். நிலம் நிமிர்ந்து நின்றபோது ஒரு தடவையும், அமுங்கிக் கிடந்தபோது மூன்று தடவையும் அளந்துவிட்டு, பில்லர் இறங்குகிறது என்று நாங்களே பயந்துகொண்டிருந்தோம்.

சார் அறைக்கு ஓடினேன். அவர் பாதிதான் நம்பினார். நிலா தரையை இழுப்பதை சாஃப்ட்வேர் தானாகவே கழித்துவிடுமே என்றார். அது வேறு சார், இது தண்ணீரின் பாரம், இதற்கு நாம் ஃபைல் கொடுக்க வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டார்:

"சரி. மண்ணும் எறங்கி, கடலும் அமுக்கியிருந்தா? ரெண்டையும் எப்படிப் பிரிச்சிக் காட்டுவ?"

சரியான கேள்வி. யோசிக்காமலே வாயில் பதில் வந்தது:

"சிதம்பரம் சார். அங்க யாரும் மண்ணு கொட்டல."

4. முன்னாலேயே எழுதிய கணக்கு

நான் படித்த கல்லூரியின் சிவில் லேபில் எங்களுடையதைப் போலவே ஒரு ரிசீவர் இருந்தது. கடல் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். என் கணக்கு சரியென்றால், சித்திரை அமாவாசை அன்று கடலூர்ப் பில்லரும் சிதம்பரத்தில் கல்லூரி மொட்டை மாடியும் காலையில் ஒன்றாகத் தாழ்ந்து மதியம் ஒன்றாக உயர வேண்டும். கொட்டிய மண்தான் காரணம் என்றால் சிதம்பரம் சும்மா இருக்க வேண்டும்.

கடல் பாரத்துக்கான எண்களை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலவசமாகக் கணக்குப் போட்டுத் தரும் என்று மேனுவலில் இருந்தது. இரண்டு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மெயிலில் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்துவிட்டது. அதை வைத்து, அமாவாசைக்கு மூன்று நாள் முன்னாலேயே, காலையில் எத்தனை மில்லிமீட்டர் கீழே, மதியம் எத்தனை மேலே என்று ஃபீல்ட் புக்கில் மையால் எழுதினேன். சார் கீழே கையெழுத்துப் போட்டார். தப்பாகப் போனால் அந்தப் பக்கம் அப்படியே இருக்கும், கிழிக்க முடியாது என்று சிரிக்காமல் சொன்னார்.

காலை ஏழிலிருந்து மாலை ஐந்து வரை எடுக்க வேண்டும். பக்கிரி அண்ணன் கடலூரில், நான் சிதம்பரத்தில். படையலுக்கு என்ன செய்வீர்கள் என்று தயங்கித்தான் கேட்டேன். "தம்பி போடுவான். என் டேப்பு பொய் சொல்லாதுன்னு இவுங்களுக்குத் தெரியட்டும்" என்றார். வீட்டில் படைத்தாயிற்று என்று தம்பி போனில் சொன்ன பிறகுதான் அஞ்சலையக்கா கொடுத்த சாம்பார் சாதத்தில் கை வைத்தாராம்.

அந்த மாடியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரிசீவரில் பச்சை விளக்கு மின்னுவதைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் ஒன்பது மணிக்குத் தூரத்தில் கோயில் கோபுரங்களைப் பார்த்தபோது மயிர்க்கூச்செறிந்தது. என் கணக்குப்படி அத்தனை கல்லும் அந்த நிமிஷம் தாழ்ந்திருந்தது. தெருவில் பூக்கட்டுகிறவர், ஆட்டோக்காரர், மாடியில் நான், எல்லோரும் சேர்ந்து கீழே போய்விட்டு மதியம் மேலே வரப்போகிறோம், ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். சந்தோஷத்தில் வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் கவலையோடு என் தலைக்கு ஒரு குடை கொண்டுவந்து கொடுத்தார்.

சாட்டிலைட் பாதை ஃபைல் வர இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலையில், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டே முதலில் ஓட்டினேன். மணி வாரியாக உயரத்தைக் கோடாகப் போட்டேன். சாரும் அண்ணனும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். கடலூர்க் கோடு காலையில் தாழ்ந்து மதியம் ஏறியது. அடுத்து சிதம்பரம். அந்தக் கோடும் தாழ்ந்தது, கூடவே ஏறியது. கொஞ்சம் நடுங்கினாலும், மையால் எழுதிய எண்ணுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் வந்து நின்றது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பிறகு கடல் ஃபைலைக் கொடுத்துப் பழைய நாலு மாத டேட்டாவையும் மறுபடி ஓட்டினேன். தை, மாசி, பங்குனி மூன்றும் மார்கழி உயரத்துக்கே வந்து ஒட்டிக்கொண்டன. பில்லர் இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

சார் திரை மேல் குனிந்தார். "அப்ப நம்ம ஆபீசும் எறங்குதா?" என்றார். ஆமாம் சார், உங்கள் மேஜையோடு என்றேன். அவர் டிராயரைத் திறந்து, அனுப்பத் தயாராக வைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு பக்கிரி அண்ணன் பக்கம் திரும்பி, "மனசுல வெச்சிக்காத பக்கிரி" என்றார். அண்ணன் ஃபீல்ட் புக்கை எடுத்துத் துடைத்து அலமாரியில் வைத்தார்.

5. சாதாரண நாள்

கூட்டத்தில் எங்கள் ரிப்போர்ட்டை ஏற்றுக்கொண்டார்கள். வைகாசி முதல் வாரத்தில் சாவி கொடுத்தார்கள். அஞ்சலையக்காவின் மகளுக்கு அடுத்த வாரமே புது வீட்டில் இருக்கும்போது வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய், பெண் குழந்தையோடு அதே வீட்டுக்குத் திரும்பினாள்.

இளம் சர்வேயர்கள் என்னிடம் எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்கிறார்கள். அது மாறிக்கொண்டே இருக்கும். நான் சொல்வது ஒன்றுதான். ஃபீல்ட் புக்கில் தேதி எழுதுகிறீர்கள், நேரம் எழுதுகிறீர்கள். ஏன் அந்தத் தேதி, ஏன் அந்த நேரம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். உங்களுக்கு வசதியான நாளிலேயே எப்போதும் அளந்தால், அந்த நாளைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். அன்று முதல் என் புக்கில் அந்த வரி இல்லாத பக்கம் கிடையாது.

குழந்தையைப் பார்க்க ஒரு புதன்கிழமை போனேன். தூரத்தில் என்னைக் கண்டதும் அஞ்சலையக்கா வாசலில் நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னைக்கி அமாசை இல்ல. உள்ள வந்து ஒக்காரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

புதுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வஞ்சிரக் குழம்பு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்து வழக்கம்போல ஃபீல்ட் புக்கைத் திறந்து, தேதியும் நேரமும் எழுதி, ஏன் போனேன் என்ற இடத்தில் எழுதினேன்: மீன் குழம்பு.