கோமதி அக்கா வெளியே எடுத்துப் போட்ட சாமான்கள்

கோமதி அக்கா போய்விட்டார் என்று போன் வந்தபோது, மூட மறுத்த பெட்டியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். குழந்தைகளோடு திருநெல்வேலிக்கு, அம்மா வீட்டுக்குப் போவதற்கான பெட்டி. அக்கா பார்த்திருந்தால் பாதியைக் கட்டிலில் கொட்டியிருப்பார். அழுகைக்கு முன்னால் எனக்கு அந்தப் பயம்தான் வந்தது.

அவர் வேலை பார்த்த எங்கள் அலுவலகத்தாருக்கும், அவர் குடியிருந்த வலியசாலைக்காரர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கைக்குழந்தையோடு அவருடன் வெளியூர் போனவர்களுக்குத்தான் என் எரிச்சல் புரியும். அலுவலகக் குடும்பங்கள் சேர்ந்து சுற்றுலா கிளம்பும்போதெல்லாம், தம்பானூர் பஸ் நிலையத்தில் வைத்து ஒவ்வொரு தாயின் பையையும் திறந்து பார்ப்பார். அதிகம் என்று அவருக்குப் பட்டதெல்லாம் வழியனுப்ப வந்தவர்கள் கையில் வீட்டுக்குத் திரும்பிப் போகும். விமான நிலையத்தில்கூட இவ்வளவு கெடுபிடி இல்லை.

கல்லாறுக்குப் போனபோது என் பையிலிருந்து பிளாஸ்க், தலையணை, மகளின் கரடி பொம்மை எல்லாம் வெளியே வந்தன. மாற்றுத்துணியாவது இருக்கட்டும் என்று கெஞ்சினேன்.

"உனக்கு ரெண்டு கை, ரெண்டு குழந்தை. பைக்குக் கை எங்கேருந்து வரும், கேட்டியா?" என்றார்.

தோளில் தொங்குவது மட்டும் வரலாமாம். வழியனுப்ப வந்த என் கணவர் பணிவாக எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவர் மேலும் எனக்குக் கோபம்.

கல்லாறில் இறங்கியதும் சின்னவன் நேராகப் போய் ஆற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தான். மாற்ற ஒரு துணி இல்லை. அக்கா பக்கத்துக் கடையில் ஒரு தோர்த்துத் துண்டு வாங்கி, அவன் உடம்பில் சுற்றிக் கழுத்தில் முடிச்சுப் போட்டுவிட்டு, "இதுக்கு மேல என்ன வேணும் அவனுக்கு?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். திரும்பும் வழி முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

தம்பானூரில் இறங்கினோம். எதிரே அப்பாவைப் பார்த்துவிட்ட பெரியவள் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தாள். ஒரு பஸ் பின்னோக்கி வந்துகொண்டிருந்தது. அவள் கை என் கையில் இருந்ததால் இழுத்துவிட்டேன். காலையில் கெஞ்சியபடி மாற்றுத்துணிப் பையும் வந்திருந்தால், அதை அந்தக் கையில்தான் பிடித்திருப்பேன்.

அக்கா பார்த்துக்கொண்டுதான் நின்றார். நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவரோ குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். அது இன்னும் எரிச்சல்.

வலியசாலையில் அவரைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். ஒரு தோள்பையில் கொண்டதை மட்டும் எடுத்துக்கொண்டேன். குடைக்கு அதில் இடமில்லை. மறுநாள் தம்பானூர் ரயில் நிலையத்தின் முன் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மழை கொட்டியது. போன பிறகும் நிம்மதியாக விடமாட்டீர்களா அக்கா என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே ரயிலுக்கு ஓடினேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரே தோள்பையோடு கிளம்பும் இந்தப் பழக்கம்தான். முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. இரண்டிலும் குழந்தைகள்.